மூன்று புள்ளி நான்கு நொடி

நான்கு நாள் விடாமல் மழை பெய்தால் ஐந்தாம் நாள் காலையில் மோட்டார்கள் வர ஆரம்பிக்கும். தள்ளுவண்டியில் வரும், சைக்கிள் கேரியரில் கயிறு கட்டி வரும், சாக்கில் சுற்றி இரண்டு பேர் தூக்கியும் வரும். தரைக்குக் கீழே குழிகளில் இருந்து, தண்ணீர் ஏறி மூழ்கிப்போனவை. அவற்றை வரிசையாகக் கடை வாசலில் சாய்த்து வைத்துவிட்டு, "என்னைக்குக் கிடைக்கும்ணே?" என்று கேட்பார்கள். மோட்டாருக்குக் கம்பி சுற்றித் தரும் காயில்காரர் தலை நிமிராமல் இடது கையை மட்டும் தூக்கிக் காட்டுவார். விரல்கள் விரிந்திருந்தால் ஐந்து நாள். மூடியிருந்தால், போய்விட்டு அப்புறம் வா.

அவர் பேசாததற்குக் காரணம் கர்வமில்லை. கம்பி சுற்றும்போது சுற்றுகளை எண்ண வேண்டும். எழுபத்தெட்டில் ஒருவர் வணக்கம் சொன்னால் மறுபடி ஒன்றிலிருந்து. முப்பது வருடமாக எண்ணி எண்ணி, எண்ணாத நேரத்திலும் வாய் மூடியே பழகிவிட்டது.

அவர் கடைக்கு மேலே ஒரே ஓர் அறை. அதில்தான் பதினோரு வருடமாக இருக்கிறேன். அச்சகத்துக்குப் பிழை திருத்தும் வேலை, வீட்டிலேயே செய்வது. கீழே அவர் எண்ணுவார், மேலே நான் வாசிப்பேன். வார்னிஷ் வாடை படியேறி வந்து என் தலையணையில் படுத்துக்கொள்ளும். முதல் மாதம் தலைவலித்தது. இப்போது ஊருக்குப் போய் வேறு தலையணையில் படுத்தால் தூக்கம் வருவதில்லை.

கடைக்குப் பின்னால் இரண்டு அறையும் சமையலறையும் அவர்கள் வீடு. அவர் மனைவியைத் தெருவே 'ரிப்போர்ட் அக்கா' என்று கூப்பிடும். இரண்டு தெரு தள்ளி இருக்கிற ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட் டைப் அடிக்கிறார். டாக்டர்கள் படங்களையும் வரைகோடுகளையும் பார்த்துவிட்டு வாயால் சொல்லிப் பதிவு செய்து வைப்பார்கள். இவர் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டுக் கேட்டு அடிப்பார். அவருக்கும் நாள் முழுக்கப் பேச்சில்லாத வேலை. அந்த வீட்டில் சண்டைகூடச் சத்தம் குறைத்து வைத்த ரேடியோ மாதிரிதான் கேட்கும்.

ஆனால் சாயங்காலம் ஐந்தரை ஆனால் ரிப்போர்ட் அக்காவின் வாய் திறந்துவிடும். யாராவது ஒருவர் கையில் பழுப்பு உறையோடு வாசலில் நிற்பார். டாக்டர் சொன்னது புரியவில்லை, ரிப்போர்ட்டில் எழுதியிருப்பது அதைவிடப் புரியவில்லை, நீங்கள் சொல்லுங்கள். அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசிப்பார். வாசித்துவிட்டு, வந்தவரின் கையைப் பார்ப்பார். முகத்தை அல்ல, கையை.

"ஆஸ்டியோபோரோசிஸ்னு போட்டிருக்கு. நீங்க கொத்தனார்தானே? சிமெண்ட் குறைச்சுப் போட்ட கலவைன்னா என்ன ஆகும்?"

"பார்க்க நல்லாத்தான் இருக்கும். தட்டினா உதிரும்."

"உங்க அம்மாவோட எலும்பு அதுதான். செங்கல் வச்ச இடத்துல இருக்கு. பிடிப்பு இல்ல. வழுக்கி விழாம பார்த்துக்கணும். பாத்ரூம்ல கைப்பிடி ஒண்ணு போடுங்க, உங்களுக்கு அரைநாள் வேலை."

கொத்தனார் புரிந்த முகத்தோடு போவார். காயில்காரரின் தங்கை தையற்கடை வைத்திருக்கிறாள். அவளுக்கு ஹெர்னியாவைப் பற்றி ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டார்: "மேல் துணியில தையல் விட்டு, உள்ள இருக்கிற லைனிங் பிதுங்கிட்டு நிக்குது." தங்கை, "அப்ப ஒட்டுப் போட்டுத் தைக்கணும்னு சொல்லுங்க அண்ணி, இதுக்குப் போய் டாக்டர் அரைமணி நேரம் பேசினாரே," என்றாள். ஒட்டுப் போட்டுத்தான் தைத்தார்கள்.

என் காதில் இரைச்சல் கேட்க ஆரம்பித்தபோது நானும் உறையோடு போய் நின்றிருக்கிறேன். "டின்னிடஸ். தாள்ல இல்லாத எழுத்தைச் சில நேரம் கண்ணு தானா படிச்சுடும்னு சொல்வீங்களே மாடி சார், அதேதான். வெளிய சத்தம் இல்ல. காது தானா படிக்குது," என்றார். அந்த இரைச்சல் இன்றும் இருக்கிறது. ஆனால் அன்றிலிருந்து அதன்மேல் எனக்குக் கோபமில்லை.

"டாக்டர் பாஷை நாக்குக்கு வரும், கைக்கு வராது," என்பார் அக்கா. "கைக்குப் புரிஞ்சாதான் மனுசன் மாத்திரை சாப்பிடுவான்."

அந்த மழைக்காலத்தில் காயில்காரர் இரண்டு முறை உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்தார். ஒரு முறை எண்ணிக்கொண்டிருக்கும்போது. கண் திறந்ததும், "இருநூத்தி நாலு," என்று சொல்லிவிட்டு மேலே சுற்ற ஆரம்பித்தாராம். இரண்டாம் முறை கஞ்சிக் கிண்ணத்தின் மேல். அக்கா அவரை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். நெஞ்சில் ஒட்டு ஒட்டி, இடுப்பில் ஒரு சின்னப் பெட்டியைக் கட்டி, ஒரு நாள் முழுக்க இதயத் துடிப்பைப் பதிய விட்டார்கள். பெட்டியைக் கழற்றிக் கொடுத்த மறுநாள் அவருடைய ரிப்போர்ட், அக்காவின் காதுக்கே வந்தது.

அதை அவர் என்னிடம் சொன்னது வெகுநாள் கழித்து. அன்றைக்கு அது ஏழாவது ரிப்போர்ட்டாம். டாக்டர் முதலில் வயதைச் சொன்னார், பிறகு எண்ணை, பிறகுதான் பெயரை. வயதைக் கேட்டபோதே விரல் நின்றுவிட்டது. நின்றும் அடித்தார். "இரண்டாம் நிலை ஏ.வி. பிளாக், விட்டு விட்டு வருகிறது. மிக நீண்ட இடைவெளி மூன்று புள்ளி நான்கு நொடி. பேஸ்மேக்கர் பரிந்துரைக்கப்படுகிறது." ஒரு பிழை இல்லாமல் அடித்து, அச்செடுத்து, உறையில் போட்டு, ஒட்டி, பிறகு ஹெட்போனைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தாராம். அதில் ஒன்றும் ஓடவில்லை. வெறும் அமைதி. அதில் மூன்று புள்ளி நான்கு நொடி எவ்வளவு என்று எண்ணிப் பார்த்தாராம். "அவ்வளவு நேரம் நின்னா எனக்கு அது மறுபடி ஓடும்னு நம்பிக்கையே இருக்காது மாடி சார்."

டாக்டர் அன்றைக்கே படுக்கச் சொன்னார். காயில்காரர் கையை மூடிக் காட்டினார். பதினோரு மோட்டார் மூழ்கி வந்திருக்கிறது, முடித்துவிட்டு வருகிறேன், திங்கட்கிழமை. என் பொறுப்பில் போகிறேன் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டு வந்துவிட்டார். அன்று புதன்கிழமை.

அந்தச் சாயங்காலம் நான் படியில் உட்கார்ந்திருந்தேன். மழைச்சாரல் கால்விரல்வரை வந்துபோனது. உள்ளே அக்கா அவருக்கு ரிப்போர்ட் சொல்லிக்கொண்டிருந்தார். குரல் மற்றவர்களுக்குச் சொல்கிற அதே குரல்தான். 

"நெஞ்சுக்குள்ள மேல ஒரு அறை, கீழ ஒரு அறைன்னு வச்சுக்கங்க. துடின்னு உத்தரவு மேல இருந்துதான் கிளம்பும். கீழ வந்து சேர்ந்தா கீழ் அறை துடிக்கும். உங்களுக்கு மேல கிளம்புது. சில தடவை கீழ வந்து சேரல."

"லைன் ஃபால்ட்டு."

"ஆமா. நடுவுல இன்சுலேஷன் போன காயில் மாதிரி."

டம்ளரைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல்: "அதுக்கு எதுக்குத் தனியா ஒரு பேட்டரி?"

"கீழ் அறைக்கு உத்தரவு வரலைன்னா, அது ஒரு தட்டு தட்டும். ஸ்டார்ட்டர் மாதிரி."

"லைன் ஃபால்ட்டைப் பார்க்காம ஸ்டார்ட்டர் மாட்டறவன் என்ன தொழில்காரன்?"

"என்னங்க..."

"சரி சரி. புரிஞ்சுது. நல்லாத்தான் சொன்னே."

அவர் உண்மையிலேயே புரிந்துகொண்டார். அதுதான் வினை.

அதன்பிறகு வீட்டில் ஒரு மாற்றம். அக்காவுக்கு அவருடைய மௌனத்தைப் பொறுக்க முடியவில்லை. இருபத்தாறு வருடம் அந்த மௌனத்தோடு குடும்பம் நடத்தியவர், இப்போது அவர் ஒரு கணம் சும்மா இருந்தால் வாய்க்குள் எண்ண ஆரம்பித்துவிடுவார். மூன்று ஆவதற்குள், "என்னங்க, ஏதாவது பேசுங்க."

"என்ன பேசறது?"

"எதையாவது. முட்டை வேகலைன்னு சொல்லுங்க."

"வெந்துதான் இருக்கு."

"அதைச் சொல்லுங்க."

"முட்டை வெந்திருக்கு," என்பார் அவர். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, கேட்காமலே, "இன்னும் வெந்துதான் இருக்கு," என்பார். அக்கா சிரிப்பதும் மூக்கை உறிஞ்சுவதும் மேலே வரை கேட்கும்.

வியாழக்கிழமை பகலில் குடிக்கத் தண்ணீர் வாங்கக் கீழே போனேன். கடையின் பின்சுவரில் அவர் எப்போதும் சாக்கட்டியால் கணக்குப் போடுவார். எந்த மோட்டாருக்கு எத்தனை சுற்று, எந்தக் கனத்துக் கம்பி. அன்றைக்கு அதன் ஓரத்தில் புதிதாக ஒரு வரிசை: 38, 41. அடுத்து, 39, 44.

நனைந்து வந்த மோட்டாரை உடனே ஓட்ட மாட்டார்கள். கழுவி, தகரப் பெட்டிக்குள் வைத்து, ஹீட்டரைப் போட்டு மெதுவாகச் சூடேற்றுவார்கள். ஈரம் போகப் போகக் கம்பியின் மேல்காப்பு, அதுதான் இன்சுலேஷன், தேறிவரும். காலையும் மாலையும் ஒரு கருவியால் அளந்து சுவரில் எழுதுவார். எண் ஏறினால் பிழைத்தது. ஏறாவிட்டால்தான் கம்பியை வெட்டி எடுத்து, புதிதாகச் சுற்றுவது. இதெல்லாம் எனக்கு அத்துப்படி. அதனால் அந்த எண்களைப் பார்த்து, "இது எந்த மோட்டார்ணே? ரொம்பக் கம்மியா இருக்கே," என்றேன்.

"பழைய மோட்டார்," என்றார். "ஈரம் ஏறியிருக்கு. தேறிரும்."

வெள்ளிக்கிழமை மதியம் கீழே பித்தளைக் குடம்போல் ஏதோ சத்தத்தோடு உருண்டது. கம்பி ரோல். அது உருண்டுகொண்டே போய்ச் சுவரில் முட்டி நின்றது. எடுக்க யாரும் எழுந்திருக்கும் சத்தம் வரவில்லை. நான் எண்ணினேன். எதற்கு எண்ணினேன் என்று தெரியவில்லை, அந்த வீட்டில் அப்போது எல்லோரும் எண்ணிக்கொண்டிருந்தோம். ஐந்து வந்ததும் படியிறங்கி ஓடினேன்.

தகரப் பெட்டியின் கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஹீட்டர் செக்கச்செவேலென்று எரிந்தது. பெட்டிக்குள் மோட்டார் எதுவுமில்லை. அதற்கு நேர் எதிரே முக்காலி சாய்ந்திருந்தது. பக்கத்தில் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு, மார்பெல்லாம் சிவந்து, காயில்காரர் சுருண்டு கிடந்தார். ஹீட்டரை அணைத்தேன். அதற்குள் அவர் கண்ணைத் திறந்துவிட்டார்.

"மாடி சார்," என்றார் மெதுவாக. "ஒண்ணுமில்ல. வோல்டேஜ் டிராப். அவகிட்ட சொல்லாதீங்க."

 சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்க என்னால் முடியவில்லை. பிழை திருத்துகிறவனுக்கு ஒரு பிழையைப் பார்த்துவிட்டு விட்டுவிடுவது எளிதில்லை. தண்ணீர் கொடுத்தேன். அவர் குடித்துக்கொண்டிருக்கும்போதே, குடையை வாசலில் உதறிக்கொண்டு ரிப்போர்ட் அக்கா மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டார். கூடவே தையற்கடைத் தங்கையும், கையில் ரொட்டிப் பொட்டலத்தோடு.

அக்கா முதலில் அவர் மார்பைப் பார்த்தார். பிறகு பெட்டியை. பிறகு சுவரை. நான் இரண்டு நாளாகப் பார்த்தும் புரியாதது அவருக்கு ஒரு பார்வையில் புரிந்தது. 38, 41. 39, 44. 38, 43. நாடித்துடிப்பு. சூடு காட்டுவதற்கு முன், பின்.

"ஈரம் போகக் காய வச்சீங்களா?" என்றார். கத்தவில்லை. "உங்களை நீங்களே?"

"ஏறுதுல்ல. நீயே பாரு. ஒவ்வொரு தடவையும் ஏறுது."

"அனல் பக்கம் உட்கார்ந்தா யாருக்குத்தான் ஏறாது?"

"இன்சுலேஷன் போச்சுன்னு நீதானே சொன்னே. மூழ்கின மோட்டாரை எடுத்த எடுப்புல வெட்டிப் போடுவாங்களா? முதல்ல காய வச்சுப் பார்க்கணும்."

தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். "அண்ணா, உன் மூளையையும் சேர்த்துக் காய வச்சுட்டியா? நல்லவேளை, வார்னிஷ் தொட்டியில இறங்கலை."

"அது ஞாயித்துக்கிழமைன்னு நினைச்சிருந்தேன்," என்றார் அவர். சிரிப்பு மூட்டத்தான் சொன்னார். தங்கை சிரித்தும் விட்டாள், உடனே அழுதாள். அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்தார், ஈரப் புடவையோடு.

"என் தப்பு," என்றார். "எல்லாருக்கும் அவங்கவங்க தொழில்ல சொன்னேன். அந்தத் தொழில்லயே வைத்தியமும் பார்த்துக்குவாங்கன்னு எனக்குத் தோணவே இல்ல. அது இன்சுலேஷன் இல்லங்க. காயில் இல்ல. சதை. வயசாகி அந்த இடத்துல தழும்பு மாதிரி ஆயிடுச்சு. காயாது. தேறாது. அடுத்த தடவை மூணு புள்ளி நாலு இல்லாம, ஆறு நொடி, பத்து நொடி நிக்கலாம். நின்னது நின்னபடியே இருந்துடலாம். இதுக்கு மேல என்கிட்ட உவமை இல்ல."

மழை வாசல் தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது.  அக்கா இந்த முறை எண்ணவில்லை.

வெகுநேரம் கழித்துக் காயில்காரர், "அந்தப் பேட்டரியை வச்சுட்டா மோட்டார் பக்கம் போகக்கூடாதாம்," என்றார். "ஆஸ்பத்திரியில உட்கார்ந்திருந்தப்ப சுவத்துல ஒட்டியிருந்துது. படிச்சேன். காந்தம், ஓடற மோட்டார், வெல்டிங். வரிசையாப் போட்டிருந்துது, என் கடையைப் பார்த்து எழுதின மாதிரி."

அதுவரை இதை யாரிடமும் சொல்லவில்லை. தகரப் பெட்டிக்கு எதிரே அவர் உட்கார்ந்ததற்குப் பாதிக் காரணம் நம்பிக்கை, மீதி இந்தப் பயம்.

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார். "அந்தத் தாளை யாரு அடிச்சதுன்னு நினைக்கிறீங்க?"

"யாரு?"

"நான்தான். நாலு வருசம் முன்னாடி. போகக்கூடாதுன்னு அதுல எங்க இருக்கு? கடைசிவரைக்கும் படிச்சீங்களா?"

"மோட்டார்னு பார்த்ததும் நிறுத்திட்டேன்."

அக்கா கண்ணை மூடிக்கொண்டு, ஹெட்போனில் கேட்பதுபோல் ஒப்பித்தார். "ஓடும் மோட்டார்களுக்கும் கருவி பொருத்தப்பட்ட மார்புக்கும் இடையே குறைந்தது இரண்டடி தூரம் இருக்கட்டும். ஓடும் எந்திரத்தின் மேல் குனிய வேண்டாம். வெல்டிங் செய்ய வேண்டாம். உங்கள் தொழில் இவற்றைச் சார்ந்தது என்றால் டாக்டரிடம் கேட்டு முறைப்படுத்திக்கொள்ளவும்." கண்ணைத் திறந்தார். "முறைப்படுத்திக்கொள்ளவும். விட்டுடவும்னு போடல."

காயில்காரர் கொஞ்ச நேரம் யோசித்தார். யோசிக்கும்போது அவர் உதடு எண்ணும்போது அசைவதுபோல் அசையும். "சுத்தறப்ப கரண்ட் இல்ல," என்றார். "அது வெறும் செம்பு. பேப்பர் வெட்டறது, கம்பி இறக்கறது, நூல் கட்டறது, வார்னிஷ் போடறது எதுலயும் கரண்ட் இல்ல." எழுந்தார், தங்கை தாங்கிக்கொண்டாள். டேப்பை எடுத்து, கம்பி சுற்றும் மேசையிலிருந்து ஓட்டிப் பார்க்கும் பலகைவரை அளந்தார். மறுமுனையைப் பிடித்துக்கொண்டது நான். "நாலடி பத்து இன்ச். கடைசியா ஓட்டிப் பார்க்கறப்பதான் பக்கத்துல நிக்கணும். சுவிட்ச்சைப் போடணும், கையை வச்சுச் சூடு பார்க்கணும். அதை யாரு செய்யறது?"

"நான் செய்யறேன்," என்றார் அக்கா.

"உனக்கு என்ன தெரியும்?"

"உங்களுக்கு ஏ.வி. பிளாக் தெரிஞ்சுதா? சொன்னேன்ல. அது மாதிரி நீங்க சொல்லுங்க."

அவர் டேப்பை விட்டார். அது சரசரவென்று சுருண்டு என் கையில் அறைந்தது.

"மூணு மோட்டார் வார்னிஷ்ல இருக்கு. காயணும்," என்றார் அவர், கடைசியாக.

"மாடி சார் பார்த்துக்குவாரு. இப்பவே கிளம்புங்க."

அவர் சட்டைப் பொத்தானைப் போட ஆரம்பித்தார். ஒரு ஓட்டை மாற்றிப் போட்டார். தங்கை அதைக் கழற்றிச் சரியாகப் போட்டு, "இது லைன் ஃபால்ட்டு இல்ல அண்ணா, கண்ணு ஃபால்ட்டு," என்றாள். மழையில் மூவரும் இரண்டு குடையோடு போனார்கள். ஆஸ்பத்திரி இரண்டே தெருதான்.

வார்னிஷை நான் பார்த்துக்கொண்டேன். வெப்பத்தைக் குறைப்பதும் மோட்டாரைத் திருப்பி வைப்பதும், அவர் காகிதத்தில் எழுதிக் கொடுத்தபடி. மறுநாள் கருவியைப் பொருத்தினார்கள். அக்கா அந்த ரிப்போர்ட்டையும் தானே அடித்தாராம். வேறு ஒருத்தி அடிக்கிறேன் என்றதற்கு விடவில்லையாம்.

ஆறு வாரம் இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கக்கூடாது என்றார்கள். என்றைக்குக் கிடைக்கும் என்று கேட்டவர்களுக்கு அவர் வலது கையைக் காட்டினார்; பழகியவர்கள் அதைப் படிக்கத் தெரியாமல் திணறினார்கள். சுவரில் பழைய வரிசைக்குக் கீழே அக்கா எழுதுகிற புதிய வரிசை வந்தது. 60, 62. 61, 60. 60, 60.

"ஏத்த இறக்கமே இல்ல," என்றார் காயில்காரர் சலிப்போடு. "பார்க்க ஒரு சுவாரஸ்யமும் இல்ல."

"எனக்கு இருக்கு," என்றார் அக்கா.

ஏழாம் வாரம், வெயில் நன்றாக அடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதிதாகச் சுற்றிய முதல் மோட்டாரை ஓட்டிப் பார்க்க இருந்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். பலகையைச் சுற்றித் தரையில் சிவப்பு வார்னிஷில் ஒரு கோடு போட்டிருந்தது. அளந்து பார்த்தால் ஐந்தடி.

"டாக்டர் ரெண்டுன்னுதானே சொன்னாரு," என்றேன்.

"டாக்டர் சொன்னது ரெண்டு. நான் அடிச்சது அஞ்சு," என்றார் அக்கா. "முதல் தடவையா ஒரு ரிப்போர்ட்டுல கை வச்சிருக்கேன்."

காயில்காரர் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று கழுத்தை நீட்டினார். "சுவிட்ச்சைப் போட்டதும் முதல்ல ஒரு முனகல் கேக்கும். பயப்படாதே. அது மேல இருந்து உத்தரவு கிளம்பற சத்தம். உடனே சுத்த ஆரம்பிச்சுடும். ஆரம்பிக்காம முனகிட்டே இருந்தா, உத்தரவு கீழ போய்ச் சேரலைன்னு அர்த்தம். உடனே அணைச்சுடு. அதுதான் உன் ஏ.வி. பிளாக்."

"சுத்தினா?"

"சுத்தினா கையை வை. உன் கன்னத்துச் சூடு இருந்தா நல்லது. காய்ச்சக்காரன் நெத்தி மாதிரி இருந்தா சொல்லு. மீதியை நான் இங்கிருந்தே கேட்டுக்குவேன்."

அக்கா புடவையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு சுவிட்ச்சில் கை வைத்தார். வைத்தவர் போடவில்லை. குனிந்து தரையைப் பார்த்தார்.

காயில்காரரின் வலது கால் பெருவிரல் சிவப்புக் கோட்டைத் தாண்டி அரை இன்ச் இந்தப் பக்கம் இருந்தது.

 அக்கா கையை எடுக்கவும் இல்லை, அழுத்தவும் இல்லை. காயில்காரர் மோட்டாரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் திரும்பிக்கொண்டேன். மூன்று நொடி இருக்கும். கொஞ்சம் கூடவும் இருக்கலாம்.

பெருவிரல் மெதுவாகப் பின்னால் போனது.

முனகல் கேட்டது, உடனே மோட்டார் சுற்ற ஆரம்பித்தது.